மூன்றாம் வரிசையில் இருக்கப்போவது யார்?

“கார் ஓட்டத் தெரியாத பிள்ளை எங்களுக்குக் கார் எடுத்துத் தரப் போகுதாம். கேட்டீங்களா இந்தக் கதைய?”

எங்கள் எல்லோருக்கும் அண்ணனான சாரதி பரீத் நானா இதைச் சொன்னது என் முகத்துக்கு நேரேதான். துறைமுக வீதியில் உள்ள நம் வாடகை வாகனச் சாரதிகள் சங்க அலுவலக வாசலில், தேநீர்க் கோப்பையோடு நின்று, மற்றச் சாரதிகள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. எனக்கு அப்போது சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது.

வரும் மாதம் முதல் நீங்கள் இருவரும் என் கதிரையில் இருக்கப் போகிறீர்கள். நான் சங்கத்தின் கிண்ணியாக் கிளைக்குப் போகிறேன். அங்கத்தவர் பதிவு, காப்புறுதி, கடிதங்கள் எல்லாம் சில கிழமைகளில் பழகிவிடும். அதற்காக நான் இதை எழுதவில்லை. வாடகை வாகனம் ஓட்டிப் பிழைக்கிற ஒருவர், வீட்டின் முழுச் சோற்றையும் ஒரு புதிய வாகனத்தின் மேல் வைக்கப் போகும் நேரத்தில், உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று “எடுக்கவா, வேண்டாமா?” என்று கேட்பார். அந்த நேரத்தில் உங்களுக்கு வியர்க்கும். எனக்கு வியர்த்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சம்பூரில் பிறந்த பெண். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். உயர்தரம் சித்தியடைந்து, டிப்ளோமாவும் படித்து, இந்த அலுவலகத்துக்கு நேர்முகத்தில் வென்று வந்தேன். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்வேன். நீங்களும் உங்களைப் பற்றி அப்படியே சொல்லுங்கள்.

வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு ஊர் முழுக்க மின்சாரக் கார்க் கதைதான். பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்து கிடந்த சாரதிகளுக்கு, வீட்டில் செருகிவிட்டுத் தூங்கி எழுந்தால் ஓடும் வண்டி என்றால் ஆசை வராதா? நம் சங்கத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் எடுத்தால் விலை குறைப்பார்கள் என்று தலைவர் யோசனை சொன்னார். நிறுவனங்களின் வாக்குறுதிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடும் வேலை என்னிடம் வந்தது. பரீத் நானா வாசலில் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்று நிறுவனங்கள் பதில் அனுப்பின. ஒரு நிறுவனம் எதைக் கேட்டாலும் “விரைவில்” என்று எழுதியது. நம் ஆட்கள் அதற்கு விரைவில்காரர் என்று பேர் வைத்தார்கள். இன்னொரு நிறுவனம் கூடிய விலை சொன்னது; கார் சுற்றுலாச் சீசன் முடிந்த பிறகுதான் வரும் என்றும் சொன்னது. அதற்குப் பேர் பொறுமைக்காரர். மூன்றாவதுக்கு யாரும் பட்டப்பேர் வைக்கவில்லை. “எங்கட கார்” என்றே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். விலை எல்லாவற்றிலும் குறைவு. நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கும் முன்பே கார் கைக்கு வரும். பாதுகாப்புப் பரீட்சையில் ஐந்து நட்சத்திரம். விளம்பரத் தாளில் ஏழு பேர் சிரித்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

என் அட்டவணையில் எந்த வரியைப் பார்த்தாலும் அந்த நிறுவனமே முதலிடம். அப்படி வந்தால் வேலை சுலபம். ஆனால் எனக்கு ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. தொலைபேசியில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் “ஓம் மிஸ்” என்றுதான் பதில் வந்தது. ஏழு பேர் இருக்கலாமா? ஓம் மிஸ். சீசனுக்கு முன்னம் வருமா? ஓம் மிஸ். இந்த விலைதானா? ஓம் மிஸ். எந்த இடத்தில் பிடித்து இழுப்பது என்றே தெரியாத அளவுக்கு எல்லாம் வழுவழுப்பாக இருந்தது.

அந்த விலை ஒரு வெள்ளிக்கிழமை மாலைவரைதான் என்றார்கள். டொலர் ஏறப் போகிறது, பிறகு பொறுப்பில்லை என்றார்கள். ஆறு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த விலைக்கழிவு. தலைவர் முதல்நாளே தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார். ஆறாவது ஆள் பரீத் நானா.

பரீத் நானாவின் நிலை இதுதான். கிண்ணியாவில் வீடு. கையில் ஒரு பழைய வான். அதுதான் சோறு, அதுதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு முக்கியமான ஓட்டம். எயார்போட் ஹயர் என்பார்கள். தாளில் எழுதுவதில்லை, வாயால் சொன்னால் சொன்னதுதான். அந்தச் சீசனுக்கும் பல வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புதிய காருக்கு முற்பணம் கட்ட வானை விற்க வேண்டும். மூதூரிலிருந்து ஒருவர் அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து வானை எடுத்துப் போவதாகப் பேச்சு. கார் சொன்ன நாளில் வராவிட்டால் நானாவுக்கு வானும் இல்லை, காரும் இல்லை, கொடுத்த வாக்கும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஆட்கள் கூடியபோது கொழும்பிலிருந்து நிரோஷ் காரோடு வந்து இறங்கினார். முகவர் நிறுவனத்து இளைஞர், மரியாதையான ஆள், தொலைபேசியில் “ஓம் மிஸ்” சொன்னவர் அவர்தான். கார் பளபளவென்று நின்றது. நம் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று மதிலோரம் நின்று, யாரோ கீழே போட்ட விளம்பரத் தாளை மென்றுகொண்டிருந்தது. 

“பாருங்க, மானுக்கும் பிடிச்சிருக்கு” என்றார் தலைவர். 

ஆறு பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், சில்லை உதைத்துப் பார்த்தார்கள்.

பரீத் நானாவின் வீட்டாரும் வந்திருந்தார்கள். மனைவி றிஸானா ராத்தா, நானாவின் மாமி, றிஸானா ராத்தாவின் தங்கை, இரண்டு பெண் பிள்ளைகள். புது வாகனம் பார்க்க வீட்டில் ஒருவர் மட்டும் வந்தால்தானே அதிசயம்?

நிரோஷ் கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு சொன்னார்: “வாங்க தலைவர், ஓர்ஸ் ஹில் வரை ஒரு சுத்து போயிட்டு வருவம். நானாவும் ஏறுங்க. மூண்டு பேர் காணும்.”

மூன்று பேர். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

நான் சிறுமியாக இருந்தபோது, நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், என் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். என் படிப்பு அதில்தான் ஓடியது. அம்மாவை வழியனுப்ப ஒரு வானில் பதினொரு பேர் போனோம். நான் கடைசியில் பயணப் பையின் மேல் இருந்தேன். பெரியப்பா, சித்தி, பக்கத்துக் கூடாரத்து அக்கா, எல்லோரும். யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டு வருஷத்துக்குப் பார்க்க ஏலாத ஆளை ஒரு சாரதியோடு தனியே அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்தச் சாதி சமயத்திலும் இல்லை. எயார்போட் ஹயர் என்றால் முழு வீடும்தான். போகிறவரின் பெட்டி, அதற்கு மேல் மற்றவர்களின் சாப்பாட்டுப் பார்சல், குழந்தையின் போத்தல், எல்லாம்தான்.

இந்தக் காரில் அப்படி ஒரு வீடு ஏறிப் பார்த்ததா?

“நிரோஷ், ஓர்ஸ் ஹில் வேண்டாம். கந்தளாய்க்குப் போவம். எயார்போட் ஹயர் மாதிரியே போவம்” என்றேன்.

“மிஸ், வண்டிய உணர்றதுக்கு ரவுணுக்குள்ளயே காணும்.”

“உணர்றதுக்கு இல்ல. உழைக்கிறதுக்கு.”

தலைவருக்கு முகம் மாறியது. “தங்கச்சி, நேரம் போகுது. பின்னேரம் கையெழுத்து.”

“அதுக்குள்ள வந்திடுவம் அண்ணன்.”

றிஸானா ராத்தா எதையும் யோசிக்காமல் பிள்ளைகளைப் பிடித்து ஏற்றத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்துக் கடைக்கு ஓடி இரண்டு அரிசி மூட்டை இரவல் கேட்டேன். கடைக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “என்ன பிள்ள, அரிசிக்கும் ஊர் சுத்திக் காட்டப் போறீங்களோ?” என்றார். ஒரு மூட்டை பின்னால், இன்னொன்று எங்கள் கால்மாட்டில். முன்னால் நிரோஷும் நானாவும். நடுவில் மாமி, றிஸானா ராத்தா, தங்கை. மூன்றாம் வரிசையில் நானும் இரண்டு பிள்ளைகளும். ஏழு ஆசனத்தில் எட்டுப் பேர். எயார்போட் ஹயருக்கு இது குறைவு.

தம்பலகாமம் சந்திவரை எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சத்தமே இல்லை, குலுக்கமே இல்லை. மாமி மட்டும், “சத்தம் போடாத வண்டிய நம்பலாமா மருமகன்?” என்று கேட்டார்.

“சத்தம் போடாத பொண்டாட்டிய நம்புறது மாதிரித்தான் மாமி” என்றார் நானா.

“உங்களுக்கு எங்க அது கிடைச்சது?” என்றார் றிஸானா ராத்தா. கார் முழுக்கச் சிரிப்பு.

அதன் பிறகு நானா சிரிக்கவில்லை. அவர் கண் முன்னால் இருந்த திரையில் பற்றரியின் இலக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அது இறங்கிக்கொண்டிருந்தது. பெற்றோல் முள் கீழே போவது யார் கண்ணிலும் படாது. இது ஒவ்வொன்றாக, எண்ணிச் சொல்வது போல, இறங்கியது. வாய்க்குள் அவர் ஊர்களின் பெயரைச் சொல்லிக் கூட்டிக்கொண்டிருந்தார். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல்.

“தம்பி, ஏசி நிண்டுட்டா? உம்மாக்கு வேர்க்குது” என்றார் றிஸானா ராத்தா.

“இல்ல அக்கா, இது ஈக்கோ மோட்.”

“ஈக்கோவோ கீக்கோவோ, காத்தப் போடு மகன்” என்றார் மாமி.

நிரோஷ் போட்டார். இலக்கம் இன்னும் வேகமாக இறங்கியது. அவரது காதுமடலுக்குப் பின்னால் வியர்வை வழிவதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

“இப்பிடி இறங்கினா கட்டுநாயக்க போய்ச் சேராது தம்பி” என்றார் நானா மெதுவாக.

“வழியில சார்ஜ் பண்ணலாம் நானா. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான்.”

“நாங்க தேத்தண்ணி குடிப்பம். பிளைட் குடிக்காது.”

இதுவரைக்கும் பிரச்சினை பற்றரிதான் என்று நினைத்திருந்தேன். பற்றரி குறைந்தால் கொஞ்சம் முந்திப் புறப்படலாம். அதற்கு வழி உண்டு. ஆனால் கந்தளாய்க்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. நிரோஷ் பிரேக் பிடித்தார். என் பக்கத்தில் இருந்த சின்னவள் ஹனா முன்னால் போய்ப் பின்னால் வந்து விழுந்தாள். அரிசி மூட்டை அவளது முதுகுப் பக்கம் சரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளது தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் என் உள்ளங்கை வைக்கிற அளவு இடம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் கண்டேன். கையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

“நிரோஷ், இங்க பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்கு இடிபட்டா காத்துப் பை வருமா?”

“வரும் மிஸ். அஞ்சு ஸ்டார். உங்கட தலைக்கு மேல எழுதியிருக்கு, பாருங்க.”

பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. மனது கொஞ்சம் ஆறியது. பிறகு ஏனோ நான் அடுத்த கேள்வியையும் கேட்டேன். நீங்களும் ‘ஓம்’ வந்த பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள்.

“இந்தக் காருக்கு இருக்கு. நானாக்கு வரப்போற காருக்கும் இருக்கா?”

நிரோஷ் காரை மெதுவாக்கினார். 

“மிஸ்…” என்றார் நிரோஷ். “அதுக்கு மூண்டாம் வரிசையே இல்ல.”

நானா முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார். “என்னது?”

“பேர் ஒண்டுதான் நானா. உள்ளுக்கு நாலு விதம் இருக்கு. நீங்க ஒத்துக்கொண்ட விலை அஞ்சு சீற்றுக்கு.”

“ஏழு பேர் இருக்கலாமா எண்டு கேட்டன், ஓம் எண்டீங்க” என்றேன்.

“ஏழு சீற்றும் இருக்கு மிஸ். விலை வேற.”

“அது எப்ப வரும்?”

“ஓடர் போட வேணும்.”

“சீசனுக்கு முன்னம்?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“வாற ஏழு சீற்றுக்கு இந்தப் பை இருக்குமா?”

“இங்க வாறதுக்கு முன்னுக்கு மட்டும்தான் மிஸ். அஞ்சு ஸ்டார் எடுத்தது வெளிநாட்டு மொடல். இது… இது காட்டுறதுக்குக் கொண்டு வந்தது.”

காரைத் திருப்பச் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் என் அட்டவணை எனக்கு விளங்கியது. அதில் ஒரு பொய்யும் இருக்கவில்லை. விலை உண்மை, அது ஐந்து ஆசனக் காரின் விலை. நாள் உண்மை, அது ஏற்கனவே கொழும்பில் வந்து நின்ற ஐந்து ஆசனக் கார்களைக் கொடுக்கும் நாள். நட்சத்திரம் உண்மை, அது வேறொரு நாட்டில் விற்கும் காருக்குக் கிடைத்தது. ஏழு ஆசனம் உண்மை, அது இனித்தான் ஓடர் போட வேண்டிய கார். நான்கு வாக்குறுதியும் மூன்று கார்களைப் பற்றியவை. நான்கும் சேர்ந்த ஒரு கார் உலகத்திலேயே இல்லை. இல்லாத அந்தக் காருக்காகத்தான் நானா அன்று மாலை வானின் திறப்பைக் கொடுக்க இருந்தார்.

தம்பலகாமம் தாண்டியதும் நானா திரும்பாமலே கேட்டார்: “பிள்ள, அந்த மூதூர் ஆள் வந்து நிப்பான். திறப்பக் குடுக்கவா, வேணாமா?”

பின்னால் இருந்து பார்க்கும்போது அவரது கழுத்து மட்டும்தான் தெரிந்தது. றிஸானா ராத்தா என் பக்கம் திரும்பினார். மாமியும் திரும்பினார். அந்த வீட்டில் யாரும் என்னைப் போலப் படிக்கவில்லை. என் வீட்டிலும்தான் படிக்கவில்லை. நான் “வேண்டாம்” என்று சொல்லி அது பிழையானால், டொலர் ஏறினால், அந்த விலை இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது. மற்ற ஐந்து பேரின் கழிவும் போகும். “நீங்களே யோசியுங்கள் நானா” என்று சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் தப்பிக்கிற வழி அது. நீங்கள் அந்த வழியால் போகாதீர்கள்.

“குடுக்க வேணாம் நானா.”

அலுவலகத்தில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். மூதூர்க்காரர் வானுக்கு அருகில், தன் சாரதியோடு நின்றார். நான் இறங்கி விஷயத்தைச் சொன்னதும் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் சத்தம் கூடியது.

“ஆறாவது ஆள் விலகினா மற்ற அஞ்சு பேருக்கும் கழிவு போகும். அது தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ?” என்றார் தலைவர். எப்போதும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

“படிச்ச பிள்ளையாம். படிச்சுப் படிச்சு வீட்டுக்கு வாற காரத் துரத்துது!” என்றது ஒரு குரல்.

  நான் அட்டவணையைத் தூக்கிக் காட்டவில்லை. நிரோஷைப் பார்த்து, “எனக்குச் சொன்னத இவங்களுக்கும் சொல்லுங்க” என்றேன்.

அவர் சொன்னார். அவர் மறைத்திருக்கலாம், மழுப்பியிருக்கலாம், தன் வேலையைப் பார்த்திருக்கலாம். எட்டுப் பேரோடு கந்தளாய் வரை போய் வந்த பிறகு அவரால் அது முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எந்தக் காருக்கு எந்த விலை, எது எப்போது வரும், எதில் எந்தப் பை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிறகு நான் மற்ற ஐந்து பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். “உங்கட ஹயரில மூண்டாம் வரிசையில ஆர் இருப்பாங்க?”

இரண்டு பேர் யோசித்துவிட்டு, “ஒருத்தரும் இல்ல. எங்களுக்கு ஹோட்டல் ஆக்கள்தான், புருசன் பெண்சாதி” என்றார்கள். 

“அப்ப உங்களுக்கு அந்தக் கார் சரி. எடுங்க” என்றேன். 

மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போடாமல் பின்னால் நகர்ந்தார்கள். அந்த இரண்டு பேரும் கழிவில்லாத விலைக்கே கையெழுத்துப் போட்டார்கள்.

மூதூர்க்காரர் கையை நீட்டினார். “நானா, வானத் தாறீங்களா இல்லையா? நான் ஆளக் கூட்டிட்டு வந்திருக்கன்.”

பரீத் நானா திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். “மன்னிச்சுக்கொள்ளுங்க. இது இன்னும் கொஞ்ச நாள் என்னோட கிடக்கட்டும்.”

இதோடு கதை முடிந்தால் எனக்கும் நல்லாக இருக்கும். முடியவில்லை.

அந்த இரண்டு கார்களும் சொன்ன நாளுக்கே வந்தன. வெள்ளை நிறம். அலுவலகத்துக்கு முன்னால் நின்று மினுங்கின. டொலரும் ஏறியது. “சொன்ன நாளுக்கு வந்திட்டுது பாத்தீரா தங்கச்சி?” என்று தலைவர் கேட்டார்.  பரீத் நானா வந்து, வெள்ளைக் காரின் முன்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டு, தன் வானில் ஏறிப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சீசன் நடுவில் ஒரு மத்தியானம் எனக்குத் தொலைபேசி வந்தது. நானாதான். ஹபரணைக்குக் கிட்ட வான் கொதித்து நின்றுவிட்டது. உள்ளே கட்டாருக்குப் போகிற மூதூர்ப் பெண் ஒருத்தி. அவளோடு முழு வீடும்.

“பிள்ள, உன்ர கதையக் கேட்டு இந்தக் கிழட்டு வானோட நடு ரோட்டில நிக்கிறன். இந்தப் புள்ள பிளைட்ட விட்டா வேலையும் போகும், ஏஜென்சிக் காசும் போகும். இப்ப என்ன செய்ய? சொல்லு.”

என்ன செய்ய? வெள்ளைக் கார்களில் ஒன்று அன்று காலை சீகிரியாவுக்கு ஹோட்டல் ஆட்களைக் கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. அந்தச் சாரதிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆட்களை இறக்கிவிட்டாராம், இரண்டு பேர்தான் ஏறியிருந்தார்கள், பற்றரி தாராளமாக இருந்தது. உடனே ஹபரணைக்குத் திருப்பினார். அந்தப் பெண்ணும் தாயும் தகப்பனும் அதில் ஏறினார்கள். விமானம் தவறவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன அதே கார்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சாயந்தரம் நானா அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“போய்ச் சேர்ந்திட்டா, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். “ஆனா பிள்ள, பெட்டியும் ஏத்தினா மூண்டு பேருக்குத்தானே இடம். மற்ற எல்லாரும் அவவ ரோட்டிலயே நிண்டு அனுப்பினாங்க. லொறி போகுது, பஸ் போகுது, அதுக்க நிண்டு கட்டிப் பிடிச்சு… என்னால பாக்க ஏலல்ல. எயார்போட் ஹயர் எடுத்தவன் நான். கேற்றடி வரைக்கும் எல்லாரையும் கொண்டுபோறதுதான் என்ர வேல.”

தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, “நீ சொன்னது பிழையில்ல. அந்தப் பொறுமைக்காரன் இப்பவும் பொறுமையா இருக்கானா எண்டு கேட்டுப் பாரு” என்றார்.

கேட்டேன். இந்த முறை ஒரு காரைத்தான் கேட்டேன். மூன்றாம் வரிசை உள்ள, அந்த வரிசைக்கும் காற்றுப்பை உள்ள, இன்ன விலையுள்ள, இன்ன மாதம் வரும் ஒரே கார். நான்கையும் அந்த ஒரே காருக்கு உறுதி செய்தார்கள். சீசன் முடிந்த பிறகு, அவர்கள் சொன்ன மாதத்தில் வந்தது. கூடிய விலைதான், அந்தக் கூடுதல் முழுவதும் நானாவின் தோளில்தான் விழுந்தது, இன்றும் அவர்தான் சுமக்கிறார். அதை மறைத்தால் நானும் விளம்பரத் தாள் மாதிரி ஆகிவிடுவேன். இப்போது அவர் ஹயருக்குக் கொஞ்சம் முந்திப் புறப்படுகிறார். வழியில் ஒரு இடத்தில் மின்னேற்றும்போது எல்லோரும் இறங்கிச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். போகிறவரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கிடைக்கிறதென்று வீட்டார் சந்தோஷப்படுகிறார்களாம்.

ஆகவே, உங்களிடம் பல வாக்குறுதிகள் வரும்போது, எது குறைவு, எது விரைவு என்று பார்க்க முன்னம், எல்லாம் ஒரே வண்டியைப் பற்றித்தான் கதைக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வண்டியில் யார் யார் ஏறப்போகிறார்கள் என்று அதை வாங்குகிறவரிடம் கேளுங்கள். உங்கள் பதில் பாதி பிழையானாலும் ஓடி ஒளியாதீர்கள். நடுரோட்டிலிருந்து வரும் தொலைபேசியை எடுக்கிறவர்தான் “வேண்டாம்” என்று சொல்ல உரிமை உள்ளவர்.

நேற்று நிரோஷ் பேசினார். இப்போது அவர் வேறொரு நிறுவனத்தில். புதிய ஏழு ஆசனக் கார் வந்திருக்கிறதாம். “மிஸ், இந்த முறை ஒரே காரப் பற்றித்தான் கதைக்கிறன்” என்று சிரித்தார். வியாழக்கிழமை கொண்டு வருகிறார்.

நான் றிஸானா ராத்தாவுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டேன். மாமியும் வருகிறார். பக்கத்துக் கடையில் இரண்டு அரிசி மூட்டையும் சொல்லி வைத்தாயிற்று. நீங்கள் இருவரும் ஹனாவோடு மூன்றாம் வரிசையில். பரீத் நானா மட்டும், “இந்த முறை நான் வரல்ல, எனக்கு உசிர் வேணும்” என்கிறார். காரணம், சாரதி அனுமதிப்பத்திரம் போன கிழமை என் கைக்கு வந்துவிட்டது. கந்தளாய் வரைக்கும் ஓட்டப்போவது நான். ஏசியை நிறுத்த மாட்டேன்.